புதன்கிழமைக் குரல்

மழை பெய்தால் பாதி ஊரைச் செருப்பில் ஒட்டிக்கொண்டுதான் வீடு போய்ச் சேர முடியும் என்கிற கரிசல் பூமியில் நல்லமங்கலம் என்று ஓர் ஊரும், ஊருக்கு வெளியே புறவழிச் சாலை ஓரமாக ஒரு பெண்கள் கல்லூரியும், அந்தக் கல்லூரியின் தமிழ் வகுப்பில் புதன்கிழமை தவறாமல் ஒரு கூத்தும் இருந்தன. கூத்து என்று சொன்னால் எஸ்தர் மேடத்துக்குக் கோபம் வரும். அவர் அதற்கு வைத்திருந்த பெயர் வாசிப்பு வட்டம். வெள்ளிக்கிழமை ஒரு கதையை ஜெராக்ஸ் எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார். அதைப் படித்து, 'எனக்குத் தோன்றியது' என்று தலைப்புப் போட்டு ஒரு பக்கம் எழுதி, புதன்கிழமை மதியம் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். வாசித்து முடித்ததும் மற்ற பெண்கள் அதோடு மல்லுக்கு நிற்க வேண்டும். "நல்லாருக்கு மேடம்" என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. "நல்லாருக்குன்னு சொல்ல இது என்ன கேசரியா?" என்று கேட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொள்வார்.

மேடம் சொல்வது சரிதான், யார் இல்லை என்றது. ஆனால் வகுப்பில் முக்கால்வாசிப் பெண்கள் சுற்றுப்பட்டிகளிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவர்கள். வீட்டுக்குப் போனதும் சுடிதாரை மாற்றக்கூட நேரமில்லாமல் தீப்பெட்டி ஒட்ட உட்காருகிறவர்கள். அவர்களுக்கு என்ன தோன்றும்? தூக்கம்தான் தோன்றும். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்த அப்பாவுக்கு ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்து, காலேஜுக்கு நடந்தே போய் வருகிற தூரத்தில் வீடும், படிக்கிற நேரத்தில் காப்பி கொண்டுவந்து வைக்கிற அம்மாவும் வாய்த்த சங்கரகோமதிக்குத்தான் ஒரு கதைக்கு ஒன்பது விதமாகத் தோன்றியது.

முதலில் அவள் மாரீஸ்வரிக்காக மட்டும்தான் எழுதினாள். மாரீஸ்வரி அவளுடைய உயிர்த்தோழி. டிபன் பாக்ஸ் மூடியில் சோற்றைப் பிரித்துக்கொள்கிற அளவுக்குத் தோழி. மாரியின் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகி, சமையலும் தம்பியும் மாடும் மாரியின் தலையில் விழுந்த சமயம் அது. "எனக்கு எதுவும் எழுத வரலடி, மேடம் நிக்க வச்சுக் கேப்பாங்க" என்று அவள் கண் கலங்கினாள். கோமதி அன்று வீட்டுக்குப் போய், மாரி எழுதினால் எப்படி எழுதுவாள், எங்கே கோபப்படுவாள், எந்த இடத்தில் வார்த்தை கிடைக்காமல் நிற்பாள் என்று ஆசை ஆசையாக யோசித்து ஒரு பக்கம் எழுதினாள். மாரி அதை வாசித்தபோது மேடம் கண்ணாடியைத் துடைக்க மறந்துபோனார். அடுத்த வாரம் ஜன்னத் வந்து கேட்டாள். அதற்கடுத்த வாரம் கேட்காதவர்கள்தான் குறைவு.

காசு வாங்கியிருந்தால் ஒருவேளை இவ்வளவு கெட்டுப்போயிருக்காது. கோமதி அன்பால்தான் எழுதினாள். அன்பில் பாதி பெருமை என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. ஒருத்திக்குச் சந்தேகம் வைப்பாள், ஒருத்திக்குப் பிடிவாதம் வைப்பாள், ஜன்னத் ஒன்று சொன்னால் அதை மாரி மறுக்கிற மாதிரியும், இருவரையும் தாண்டி மூன்றாவது ஒருத்தி புதிதாக ஒன்றைத் தூக்கிப் போடுகிற மாதிரியும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுவாள். செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு வேளையில் தாள்களைக் கொடுத்துவிட்டு, புதன்கிழமை மூன்றாவது பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, தான் சமைத்ததை ஊர் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்கிறவளைப் போலப் பார்த்துக்கொண்டிருப்பாள். இப்படி ஒரு வகுப்பைத் தன் சர்வீஸிலேயே பார்த்ததில்லை என்று எஸ்தர் மேடம் ஸ்டாஃப் ரூமில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள், எப்போதோ போய்விட்ட புருஷன் வருவான் என்று வாசல் கதவைத் தாழிடாமலே படுக்கிற ஒரு பெண்ணின் கதையை மேடம் கொடுத்திருந்தார். செவ்வாய்க்கிழமை தாளை வாங்கிக்கொண்டபோது மாரி கொஞ்சம் தயங்கினாள்.

"கோமு, இந்தத் தடவ கதைய நானும் படிச்சேன்டி. அம்மா எந்திரிச்சு நடமாட ஆரம்பிச்சிட்டா, நேரம் கெடச்சுச்சு. எனக்கு அந்தப் பொம்பள மேல பாவமே வரலடி. வேற என்னமோ தோணுச்சு."

"பாவம் வரணும்டி. கடைசிப் பத்தி அதுலதான் நிக்குது. ஜன்னத்துக்கு இதுக்கு எதிரா எழுதிக் குடுத்திட்டேன், நீ இப்ப மாத்துனா எல்லாம் கலைஞ்சிரும். இதையே வாசி, நல்லா வந்திருக்கு."

"சரி" என்றாள் மாரி. என்ன தோன்றியது என்று கோமதி கேட்கவில்லை. கேட்பதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

மறுநாள் மாரி எழுந்து நின்று தாளைப் பிரித்து வாய் திறந்தபோது கோமதியின் குரல் வந்தது. கொஞ்சம் கரகரப்பான, 'ஆனால்' என்று சொல்வதற்கு முன்னால் எச்சில் விழுங்குகிற அதே குரல். மேடம் மூன்றாவது பெஞ்சைப் பார்த்தார். கோமதியின் உதடு ஒட்டித்தான் இருந்தது. "என்ன மாரீஸ்வரி, தொண்டை கட்டியிருக்கா? வெந்நீர் குடி" என்று சொல்லிவிட்டு, மறுத்துப் பேசச் சொல்லி ஜன்னத்தை எழுப்பினார். ஜன்னத்தும் அதே குரலில் மறுத்தாள். அவளுக்குப் பிறகு எழுந்தவளும், அவளுக்குப் பிறகு எழுந்தவளும் அதே குரலில் பேச, அன்று மதியம் ஒரே குரல் பெஞ்சுக்குப் பெஞ்சு தாவித் தன்னோடு தானே வாதாடிக்கொண்டிருந்தது. மணி அடித்ததும் எல்லோரும் அவரவர் குரலில் "தேங்க்யூ மேடம்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

சில நாளில் அதன் போக்கு எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டது. உப்பு எங்கே என்று கேட்டால், டிக்கெட் எடுத்தால், தம்பியைத் திட்டினால், சிரித்தால், அழுதால் அந்தப் பெண்களுக்குச் சொந்தக் குரல் வந்தது. தனக்கு என்ன தோன்றுகிறது என்று சொல்ல வாயெடுத்தால் மட்டும் கோமதியின் குரல் வந்தது. காது மூக்கு தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உள்ளே எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார். மாரியம்மன் கோயில் பூசாரி கயிறு கட்டிவிட்டார். தர்காவில் ஓதிய தண்ணீர் கொடுத்தார்கள். அதை ஜன்னத் தன் கூட்டாளிகளுக்கும் பங்கு வைத்துக் கொடுத்தாள். ஒன்றும் பலிக்கவில்லை என்றதும் ஊர் அதற்குமேல் அலட்டிக்கொள்ளவில்லை. இந்தக் கோடையில் கிணறு வற்றவில்லையா, போன வருஷம் ரயில் நிற்பதை நிறுத்தவில்லையா, அந்த மாதிரி இதுவும் ஒன்று என்று எடுத்துக்கொண்டது.

ஜவுளிக்கடையில் ஒரு பெண் "எனக்கு இந்தக் கலர் எடுப்பா இல்லன்னு தோணுது" என்றதும், கடைக்காரர் குரலைக் கேட்டே, "கோமதி டேஸ்ட்டா? அப்ப அந்த மாம்பழக் கலர எடுத்துப் போடுப்பா" என்று பையனிடம் சொன்னார். கல்லூரிக்கு வந்த ஆய்வுக் குழு புதன்கிழமை வகுப்பில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, மாணவியரிடையே பாராட்டத்தக்க கருத்தொற்றுமை நிலவுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, முறுக்கைச் சாப்பிட்டுவிட்டுப் போனது. பஸ் ஸ்டாண்டில் கோமதியின் அப்பா முதலில் கொஞ்ச நாள், கூட்டத்தில் மகளின் குரல் கேட்கும்போதெல்லாம் கூண்டுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தார். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார். உண்மையாகவே கோமதி வந்து "அப்பா" என்று கூப்பிட்ட ஒரு சாயங்காலம்கூட அவர் நிமிரவில்லை. "என் மக பேச்சுத்தான் ஊருபூராக் கேக்குது" என்று அம்மா மட்டும் குழாயடியில் பெருமை பேசினாள். கோமதிக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை நினைத்து அவள் பின்னால் எத்தனையோ தடவை தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஏனென்றால் ஊர் வேறொரு பழக்கத்துக்கும் வந்துவிட்டது. வீட்டில் ஒரு பெண் எதையாவது வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல ஆரம்பித்தால், குரலைக் கேட்டதுமே, "விடு, அது கோமதி பேச்சு" என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்கள். தாலி கட்டிய மறு மாதமே படிப்பை நிறுத்தச் சொன்ன மாமியாரிடம் ஒருத்தி எதிர்த்துப் பேச, "டைம் கீப்பர் மகளுக்கு எங்க வீட்டுல என்ன வேல?" என்று கேட்டு அந்த மாமியார் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தாள். அந்தப் பெண்கள் எதைச் சொன்னாலும் அது அவர்களுடையது இல்லை என்று ஆகிவிட்டது. நல்லமங்கலத்து ஆண்களுக்கு இது எவ்வளவு வசதியாகப் போயிற்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த நிலைமையில்தான் மாரீஸ்வரியைப் பெண் பார்க்க வந்தார்கள். சிவகாசியில் அச்சாபீஸ் வேலை, பையன் குணமானவன், ரெண்டு பக்கமும் பொருத்தம். மாரியின் அப்பா சீனிச்சாமி தீப்பெட்டி ஆபீஸில் மருந்து கலக்கிற மனுஷர். விரல் எல்லாம் கருத்துப்போய், மனசு மட்டும் வெளுப்பாக இருந்தவர். அவர் தன் அண்ணன் தம்பிகளிடம் ஒரே வார்த்தையாகச் சொல்லியிருந்தார், மகள் வேண்டாம் என்றால் வெற்றிலை பாக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று. அப்படிச் சொல்கிற தகப்பன் அந்தத் தெருவில் வேறு யாரும் இல்லை. மாரியின் மொத்த வாழ்க்கையும் அன்றைக்கு அவள் சொல்லப்போகிற ஒரு வார்த்தையில் இருந்தது. அதைக் கேட்க அவர் காதைத் தீட்டி வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கோமதி கேசரி கிண்டவும் தட்டு எடுத்துக் கொடுக்கவும் வந்தவள், அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள். வந்தவர்கள் காப்பி குடித்து முடித்ததும் சீனிச்சாமி துண்டை மடியில் வைத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டார்.

"ஏ தாயி, இங்க வா. எல்லாரும் இருக்காக, நீ ஒண்ணும் கூசாத. உனக்கு என்ன தோணுதோ அத வாய்விட்டுச் சொல்லு. அப்பா அதுபடி செய்றேன்."

மாரி தலையை நிமிர்த்தினாள். எச்சிலை விழுங்கினாள்.

"எனக்கு இப்பக் கல்யாணம் வேண்டாம்ப்பா. மேல படிக்கணும். மதுரைக்குப் போய் எம்.ஏ. சேரணும்னு இருக்கேன்."

கோமதியின் குரல். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அடுப்படிப் பக்கம் திரும்பினார்கள்.

மதுரைக்குப் போய் எம்.ஏ. சேர்வது கோமதியின் ஆசை. ஹாஸ்டலில் ஒரே அறை எடுக்கலாம் என்று மாரியிடம் அவள் எத்தனையோ தடவை சொன்னதும் உண்டு. மாரி அப்போதெல்லாம் சிரித்துக்கொண்டு கேட்டிருந்தாளே தவிர, வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ சொன்னதில்லை.

"இது கோமதி சொல்றது" என்றார் சீனிச்சாமி, கோபப்படாமல். "என் மக என்ன சொல்றா?"

"நான்தாம்ப்பா சொல்றேன்" என்றாள் மாரி, அதே குரலில்.

"ஏம்மா கோமதி, நீ கொஞ்ச நேரம் சும்மா இரேன்."

"அப்பா, நான் பேசல! மாரிதான் சொல்றா! அவ சொல்றதுதான்!" என்று கோமதி பதறிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். வந்தது அதே குரல்தான். கேட்டவர்கள் காதில் அது சற்று முன் பேசியதன் தொடர்ச்சியாகவே விழுந்தது. மாரி ஒரு வாக்கியம் சொல்ல, அவள் சொல்வது உண்மை என்று கோமதி சொல்ல, இல்லை கேளுங்கள் என்று மாரி சொல்ல, ஒரே பெண் இரண்டு மூலையிலிருந்தும் அடம்பிடிப்பது போல இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா சங்கடத்தோடு தட்டைத் தள்ளி வைத்தாள். கடைசியில் பெரியப்பா ஒருவர், "தம்பி, இந்தப் பிள்ளய வெளிய அனுப்பிட்டுக் கேளு" என்றார். கோமதியை வாசலுக்கு அனுப்பினார்கள். அவள் போன பிறகு, "இப்பச் சொல்லு தாயி" என்று சீனிச்சாமி கெஞ்சுகிற மாதிரி கேட்டார்.

வாசலில் நின்ற கோமதிக்கு உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி அந்தக் குரலில் பேசுவதற்கு மாரி வாயைத் திறக்கவே இல்லை. வாய் திறக்காததையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்து வெற்றிலைத் தட்டு கை மாறுகிற பேச்சும் சிரிப்பும் கேட்டன.

மாரியின் கல்யாணத்துக்குப் பிறகு கோமதி யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. வகுப்பில் புதன்கிழமை எல்லோரும் வெறும் தாளோடு உட்கார்ந்திருந்தார்கள். எஸ்தர் மேடம் ஒவ்வொருத்தியாக எழுப்பிப் பார்த்தார்; பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "தப்பு என் பேர்லயும் இருக்கு" என்றார். "நல்லா வாசிச்சீங்க, அதக் கேட்டுக்கிட்டே இருந்துட்டேன். யார் வாசிக்கிறான்னு நான் பாக்கல." கோமதி அவரை நிமிர்ந்து பார்க்கத் திராணி இல்லாமல் பெஞ்சுப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரம் கழித்து ஜன்னத் எழுந்தாள். நாலு வரி எழுதியிருந்தாள், அதிலும் ஒன்றை அடித்திருந்தாள். "இந்தக் கதை எனக்குப் புரியல. அந்தப் பையன் ஏன் அழுதான்னு புரியல. எங்க வீட்டுல இப்படி நடந்தா எங்க வாப்பா ரெண்டு போடு போட்டிருப்பாரு" என்று வாசித்தாள். கீச்சுக் கீச்சென்று, மூக்கால் பேசுகிற, அழகே இல்லாத அவளுடைய சொந்தக் குரல். வகுப்பு எழுந்து நின்று கை தட்டியது. ஜன்னத் தாளை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். வழி தெரிந்ததும் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக, தப்பும் தவறுமாக, படித்ததைப் பற்றித் தனக்குத் தோன்றியதைத் தானே எழுதித் தன் குரலை மீட்டுக்கொண்டார்கள். ஊரும் அதற்குப் பழகிக்கொண்டது. ஒன்றிரண்டு மாமியார்களுக்குத்தான் கொஞ்ச நாள் கஷ்டமாக இருந்தது.

ஆனால் மாரி அந்த வகுப்பில் இல்லை. சிவகாசியில், அச்சாபீஸ் சந்துக்குள் ஒரு மாடி வீட்டில், வெள்ளிக்கிழமை வந்தால் கதை கொடுக்க ஆளில்லாமல் இருந்தாள். கோமதி மதுரைக்குப் போனாள், எம்.ஏ. முடித்தாள், ஒரு கல்லூரியில் வேலைக்கும் சேர்ந்தாள்; தன் மாணவிகள் எழுதித் தருகிற தாள்களில் ஒரு வார்த்தையைக்கூடத் திருத்தப் பயப்படுகிற டீச்சர் என்று பெயரெடுத்தாள். சிவகாசிக்குப் போக வேண்டும் என்று நினைக்காத லீவு இல்லை. போய் என்ன முகத்தோடு நிற்பது என்று ஒவ்வொரு தடவையும் பஸ்ஸைத் தவறவிட்டாள். அப்படியே வருஷங்கள் போயின.

கடைசியில் ஒரு தீபாவளி லீவில் போனாள். மாரி கதவைத் திறந்து, "அடியே கோமு!" என்று தன் சொந்தக் குரலில் கத்தி, கட்டிப் பிடித்துக்கொண்டாள். சதை போட்டிருந்தாள். மகளைக் கூப்பிட்டு, "அத்தைக்குச் சேர் எடுத்துப் போடு" என்றாள். எதிர்த்த அச்சாபீஸில் காலண்டர் அடிக்கிற சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. மாரி காப்பி போட்டாள், மிக்சர் வைத்தாள், கத்தரிக்காய் விலை, தம்பி வேலை, பிள்ளைக்குப் பல் விழுந்தது எல்லாவற்றையும் பேசினாள். தனக்கு என்ன தோன்றுகிறது என்கிற பேச்சு வராமல், தண்ணீர் தேங்கிய தெருவில் நடக்கிறவளைப் போல இடம் பார்த்து இடம் பார்த்துப் பேசினாள். இத்தனை வருஷத்தில் அப்படிப் பேசிப் பழகிவிட்டாள் என்பது தெரிந்ததும் கோமதி கையில் அள்ளிய மிக்சரைத் தட்டிலேயே போட்டுவிட்டாள்.

பையிலிருந்து ஒரு கதையின் ஜெராக்ஸை எடுத்து நீட்டினாள். "மாரி, இதப் படிச்சு நாலு வரி எழுதுடி. உன் குரல் வந்திரும். ஜன்னத்துக்கெல்லாம் வந்திருச்சு."

மாரி கண்ணை இடுக்கி முதல் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு தாளை மடித்து, கோமதியின் மடியிலேயே வைத்துவிட்டாள். "எழுத்துக் கூட்டுறதே மறந்து போச்சு எனக்கு" என்று சிரித்தாள். இது சொந்தக் குரல்தான்.

கோமதி அதற்குமேல் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டாள். "அன்னைக்கு உங்க அப்பா கேட்டாருல்ல. நெசமா நீ என்னடி சொல்ல வந்த?"

மாரி தெருப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எச்சிலை விழுங்கினாள்.

"சம்மதம்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன் கோமு. எனக்கு இந்த வாழ்க்கை பிடிச்சுத்தான் இருக்கு. நீ ஒண்ணும் மனசப் போட்டுக் குழப்பிக்காத."

கரகரத்த அந்தக் குரல். அன்றைக்குக் கோமதி என்ன நினைத்தாளோ அதைச் சொன்ன குரல், இன்றைக்குக் கோமதி எதைக் கேட்க பஸ் ஏறி வந்தாளோ அதைச் சொன்னது. இரண்டில் எது மாரியுடையது, இரண்டுமே இல்லையா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் தோழியின் முகத்தைப் பார்த்தாள். முகம் பிரியமாக இருந்தது, அவ்வளவுதான் தெரிந்தது.

"எம்மேல உனக்குக் கோவம் இல்லயா மாரி?"

"கோவமா? உன்ன எப்பவோ மன்னிச்சிட்டேன்டி" என்றது கோமதியின் குரல்.

கோமதி காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மாரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு தடவ சொல்லு" என்றாள்.

மாரி சொன்னாள். கோமதி கண்ணை மூடிக்கொண்டு, மறுபடியும் சொல்லச் சொன்னாள்.